மேடு ஏறினால் நின்றுபோகும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றலாமா?

பாச்சலூர் பிக்கப் | 3 ஜூன் 2023, இரவு 9.40

2005 மாடல் டீசல் பிக்கப். டீசலை அழுத்தி, சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்கு அனுப்புவது ரோட்டரி பம்ப்தான், எலெக்ட்ரானிக் காமன் ரயில் கிடையாது. காலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் இறங்குவேன், சாயங்காலம் காலி வண்டியாகத் திரும்புவேன். லோடோடு இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. காலியாக ஏறும்போதுதான் வடகாடு தாண்டி வளைவுகளில் இழுவை குறைந்து, இருமி இருமி ஆஃப் ஆகிவிடுகிறது. பில்டர் தலையில் இருக்கிற கை பம்பை அடித்தால் மறுபடி கிளம்பும். காலையிலும் செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. பில்டர் புதுசு. மெக்கானிக் "பம்ப் வீக், பம்பையும் நாசிலையும் கழற்றிக் கடைக்கு அனுப்பு" என்கிறார். அவர் சொல்லும் தொகைக்கு வண்டியை விற்றாலும் கட்டாது. கழற்றலாமா அண்ணே?

சத்திரம் டீசல் | 3 ஜூன் 2023, இரவு 10.55

கழற்றாதே தம்பி. இப்போதைக்கு ஸ்பேனரையே தொடாதே.

தேய்ந்த ரோட்டரி பம்ப் எப்படி நடந்துகொள்ளும் தெரியுமா? காலையில் ஆறிக் கிடக்கும் வண்டி சட்டென்று கிளம்பும். ஓட்டிச் சூடேறியபின் ஆஃப் செய்தால்தான் மக்கர் பண்ணும். சூட்டில் டீசல் இளகி, பம்புக்குள் டீசலை அமுக்குகிற தேய்ந்த பிளஞ்சர் ஓரமாகக் கசிந்துவிடும். செல்ஃப் சுற்றுகிற வேகத்துக்கு நாசிலைத் திறக்கிற அழுத்தம் ஏறாது. சிலிண்டருக்குள் நேரே டீசல் பீய்ச்சுகிற டி.ஐ. இன்ஜினில் நாசில் திறக்கவே 200 பார் (அழுத்த அளவு) வாக்கில் வேண்டும். உன் வண்டி அதற்குத் தலைகீழ். ஆறின வண்டி மக்கர், கை பம்ப் அடித்தால் குணம். கை பம்ப் அடித்துக் குணமாகிற நோய் பம்புக்கு முன்னால் இருக்கிற நோய்.

பம்புக்கு முன்னால் என்றால் டேங்கில் தொடங்கி பில்டர் வழியாகப் பம்பின் வாய் வரை. அந்த வழி முழுக்க உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இளநீரில் போடுகிற ஸ்ட்ராவில் ஊசி ஓட்டை விழுந்தால் இளநீர் வெளியே ஒழுகுமா என்ன? அதனால் "எங்கேயும் லீக் இல்லையே" என்று குனிந்து பார்த்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

இன்ஜின் பக்கவாட்டில் டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தருகிற பீட் பம்ப் தனியாக இருக்கிறதா, அல்லது ரோட்டரி பம்பே உறிஞ்சிக்கொள்கிறதா? அதை முதலில் சொல்.

சத்திரம் டீசல் | 3 ஜூன் 2023, இரவு 11.20

இன்னொன்று. வளைவில் நின்றுபோன உடனே, கை பம்பை அடிப்பதற்கு முன்னால், அதை விரலால் அமுக்கிப் பார். உள்ளே சப்பிக்கொண்டு எழும்பாமல் இருந்தால் டேங்குப் பக்கம் எங்கோ அடைப்பு. தொளதொளவென்று இருந்து பல தடவை அடித்தபின் இறுகினால் காற்று. இந்த ஒரு விரல் சோதனைக்கு எந்தக் கடையிலும் காசு கேட்க மாட்டார்கள். அதனாலேயே யாரும் செய்வதும் இல்லை.

பாச்சலூர் பிக்கப் | 4 ஜூன் 2023, காலை 8.15

தனி பீட் பம்ப் இல்லை அண்ணே. கை பம்ப் தொளதொள கேஸ்தான். நிறைய அடித்தால்தான் இறுகுகிறது. இன்றைக்குக் காலையிலும் அதே கதை. செல்ஃப் அடிக்கும்போது முதலில் புகையே இல்லை, அப்புறம் வெள்ளைப் புகை, அப்புறம் பிடித்துக்கொண்டது.

சத்திரம் டீசல் | 4 ஜூன் 2023, மதியம் 1.30

நான் கேட்காமலே புகையைச் சொல்லிவிட்டாய், நல்லது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே வரவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, இன்னும் எரியவில்லை. உனக்கு முதலில் இல்லை, அப்புறம் வெள்ளை. ராத்திரியில் லைனில் நின்ற டீசல் திரும்பி டேங்குக்கே இறங்கிவிடுகிறது; காலையில் செல்ஃப் அதை மறுபடி மேலே இழுத்து வர வேண்டியிருக்கிறது. காற்று நுழைய ஒரு வழி இருந்தால்தான் இப்படி இறங்கும்.

ஆனாலும் டேங்க் மூடியை ஒரு முறை பார்த்துவிடு. மூடியில் மூச்சுத் துளை உண்டு. அது அடைத்தால் டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் பிடித்து, பம்பால் இழுக்க முடியாமல் போகும். வளைவில் நின்றதும் மூடியைத் திற. 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனால் ஆள் அகப்பட்டான். நான் ஓட்டிய ஒரு வண்டியில் மூடியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட, அவசரத்துக்குச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் ஏதோ மூடி வாங்கிப் போட்டார் முதலாளி. அளவு சரியாக இருந்தது, மூச்சுத் துளைதான் இல்லை. பழனி போய் வருவதற்குள் வண்டிக்கு இளைப்பு நோய் வந்தது. பில்டர் மாற்றினார்கள், நாசில் மாற்றினார்கள், எலுமிச்சம்பழமும் மாற்றினார்கள்.

உன் விஷயத்தில் மூடி மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. மூடி அடைத்திருந்தால் கை பம்ப் சப்பிக்கொண்டு இருந்திருக்கும்.

டெம்போ ராஜா | 4 ஜூன் 2023, மாலை 6.05

இவ்வளவு யோசனை எதற்கு? இப்போது வருகிற டீசலே சரியில்லை. கலப்படம். பழைய இன்ஜின் தாங்காது. பெட்ரோல் பங்கை மாற்றுங்கள், எல்லாம் சரியாகும்.

சத்திரம் டீசல் | 4 ஜூன் 2023, இரவு 9.20

கலப்படம் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரி கலப்படமாகத்தானே இருக்கும் ராஜா? மண்ணெண்ணெய் கலந்த டீசல் மேட்டைப் பார்த்து நிற்காது.

சந்தேகம் இருந்தால் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. பங்கில் அன்றைய டீசலின் அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். அடர்த்தி அளந்து காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டபின் எழுதிய எண்ணைவிட 3 புள்ளிக்கு (கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு) மேல் விலகினால் கேள்வி கேட்கலாம்.

ஆனால் டீசல் மாறியிருக்கிறது என்பது உண்மை. கலப்படத்தால் அல்ல, சட்டத்தால். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் புகை விதி) வந்தபோது கந்தகம் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6, 10 பிபிஎம். கந்தகத்தை எடுக்கிற சுத்திகரிப்பில் டீசலின் மற்ற குணங்களும் கொஞ்சம் மாறும். பழைய டீசலில் ஊறி உப்பிப்போன பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள் புது டீசலில் சுருங்கிக் கசியலாம். அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது பழைய வண்டிகளின் பம்ப் சீல்கள் இப்படித்தான் ஒழுகின. அதனால் தம்பி, பம்ப் மேல் மூடி ஓரம் ஈரமாக இருக்கிறதா என்று ஒரு துணியால் துடைத்துப் பார்த்துச் சொல். ஈரம் இருந்தாலும் பதறாதே. சீல் செட் மட்டும் மாற்றுவது வேறு, பம்பையே ஓவர்ஹால் செய்வது வேறு. கடைக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்.

பாச்சலூர் பிக்கப் | 5 ஜூன் 2023, இரவு 10.10

மூடியைத் திறந்தேன், உஸ் இல்லை. பம்ப் மேலே லேசான ஈரம். துடைத்தால் மறுநாள்தான் மறுபடி தெரிகிறது.

சத்திரம் டீசல் | 5 ஜூன் 2023, இரவு 10.40

சரி, மூடி விடுதலை. ஈரத்தை அப்படியே விடு.

இனிமேல் கண்ணால் பார்க்கிற வேலை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற வெள்ளை டியூப் இருக்கிறதே, அதில் ஒரு முழம் வாங்கு. பில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கு. கை பம்ப் அடித்துக் காற்றை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பு. டியூபில் டீசல் கண்ணாடி மாதிரி நின்றால் டேங்கில் இருந்து பில்டர் வரை நல்ல வழி. குமிழி ஓடினால் திருடன் பில்டருக்குப் பின்பக்கம், அதாவது டேங்குப் பக்கம். பார்த்து முடித்ததும் டியூபைக் கழற்றிவிடு. டீசலில் ஊறினால் அந்தப் பிளாஸ்டிக் விறைத்துப்போய்க் கிளிப்பில் பிடிப்பு விட்டுவிடும். அப்புறம் நாமே புதுசாக ஒரு ஓட்டை வைத்தது போல ஆகும்.

நின்றபடி ஐடிலில் மட்டும் பார்த்துவிட்டு "குமிழி இல்லை" என்று எழுதாதே. ஐடிலில் இழுவை குறைவு. ரேஸ் கொடுத்துப் பார், முடிந்தால் மேட்டில் நிறுத்திப் பார்.

சத்திரம் டீசல் | 6 ஜூன் 2023, காலை 5.50

ராத்திரி படுத்தபின் தோன்றியது. நாசில் பைப் நட்டுகளை ஓடும்போது ஒவ்வொன்றாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்கிற பழக்கம் நம் ஊர் டிரைவர்களுக்கு உண்டு. நீ அதைச் செய்யாதே. உன் வண்டிக்குத் தேவையும் இல்லை. அங்கிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஏதாவது ஆனால் மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் உட்காராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாச்சலூர் பிக்கப் | 7 ஜூன் 2023, இரவு 8.30

அண்ணே, குழப்பமாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் டியூப் போட்டு வீட்டு முன்னால் இருக்கிற மேட்டில் நிறுத்தி ரேஸ் கொடுத்தேன். குமிழி குமிழியாக ஓடியது, வீடியோ எடுத்தேன். இன்றைக்கு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று போனால் ஒரு குமிழி கூட இல்லை. அவர் சிரிக்கிறார். இன்று மேடு ஏறும்போதும் நிற்கவே இல்லை.

சத்திரம் டீசல் | 7 ஜூன் 2023, இரவு 9.00

நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன செய்தாய்? எதையும் விடாமல் சொல். டீசல் போட்டாயா?

பாச்சலூர் பிக்கப் | 7 ஜூன் 2023, இரவு 9.10

போட்டேன். இன்று சந்தையில் பழைய பாக்கி வந்தது, அதனால் ஃபுல் டேங்க். எப்போதும் 500 ரூபாய்க்குத்தான் போடுவேன்.

சத்திரம் டீசல் | 7 ஜூன் 2023, இரவு 10.25

பாக்கி கொடுத்த அந்தப் புண்ணியவானுக்கு நன்றி சொல்லு. பாதி வேலையை அவர்தான் முடித்திருக்கிறார்.

இதுவரை என் மனதில் ஓடியது ரப்பர் ஹோஸ். ஆக்ஸில் மேலே வளைந்து வருகிற இடத்தில் பழைய ஹோஸ் வெடித்துக் காற்று வாங்குவது சகஜம். சில நேரம் ஹோஸின் உள்தோல் உரிந்து கதவு மாதிரி ஆடும். ஐடிலில் சும்மா இருக்கும், ரேஸ் கொடுத்தால் மூடிக்கொள்ளும். ஆனால் ஹோஸில் ஓட்டை என்றால் டேங்க் நிறைந்தாலும் குறைந்தாலும் குமிழி வரத்தான் செய்யும். ஃபுல் டேங்கில் அடியோடு நிற்பதற்குக் காரணம் இல்லை.

டீசல் மட்டத்தைப் பார்த்து வருகிற காற்று டேங்குக்கு உள்ளேயே நுழைகிறது. டேங்குக்குள் மேலிருந்து அடி வரை இறங்குகிற உறிஞ்சு குழாய் ஒன்று இருக்கும். அதன் உடம்பில் எங்கோ ஓட்டை. டீசல் அந்த ஓட்டைக்கு மேலே நிற்கும் வரை அது டீசலைத்தான் குடிக்கும், யாருக்கும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் ஓட்டை வெளியே வந்து காற்றைக் குடிக்கும். 500 ரூபாய்க்கு இன்றைய விலையில் ஐந்து லிட்டர் சொச்சம். உன் டேங்க் வருஷம் முழுக்க அடியில்தான் கிடந்திருக்கிறது.

மேட்டுக் கணக்கும் இதில் சேர்கிறது. ஏறும்போது டீசல் டேங்கின் பின்கோடிக்கு ஒதுங்கும். குழாய் முன்பக்கமாக இருந்தால் அதைச் சுற்றி மட்டம் இன்னும் இறங்கும். இன்ஜினும் டேங்கைவிட உயரத்துக்குப் போவதால் பம்ப் கூடுதலாக இழுக்க வேண்டும். இறங்கும்போது எல்லாம் எதிர்மாறு. லோடு இருந்தும் நீ சுகமாக இறங்கியது அதனால்தான்.

பாச்சலூர் பிக்கப் | 8 ஜூன் 2023, காலை 6.40

இன்று காலை செல்ஃப் தொட்டதும் கிளம்பியது!! அப்படியென்றால் இனிமேல் ஃபுல் டேங்க் போட்டே ஓட்டினால் போதுமா?

சத்திரம் டீசல் | 8 ஜூன் 2023, காலை 7.15

போதும், உனக்குத் தினமும் பழைய பாக்கி வந்தால்.

டேங்கை இறக்குவதற்கு முன்னால் மெக்கானிக் வாயை அடைக்க ஒரு சோதனை பாக்கி. டேங்க் காலியாகும் வரை ஓட்டு, குமிழி திரும்ப வரட்டும். அப்புறம் சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, இன்ஜினைவிட உயரமாக முன்பக்கம் கட்டு. கேனில் இருந்து நேரே பில்டருக்கு ஒரு ஹோஸ். பம்பில் மிஞ்சிய டீசல் திரும்புகிற ரிட்டர்ன் ஹோஸும் கேனுக்கே வரட்டும், இல்லையென்றால் கேன் டீசல் டேங்குக்குப் போய்ச் சீக்கிரம் தீர்ந்துவிடும். சைலன்சர் சூடு படாத பக்கமாகக் கட்டு. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கண்காணிக்கட்டும், பீடி இல்லாத ஆளாக. அதே மேட்டில் ஏறு. நிற்காமல் ஏறினால் பம்ப், நாசில், பில்டர் மூன்றும் நிரபராதி. பம்ப் கடைக்குப் போவதற்கு முன்னால் யாராக இருந்தாலும் இதைச் செய்து பார்த்தே ஆக வேண்டும் என்பேன்.

பாச்சலூர் பிக்கப் | 11 ஜூன் 2023, இரவு 9.45

கேன் கட்டி ஏறினோம். நிற்கவே இல்லை. ஆனால் அண்ணே, டேங்க் லைனுக்குத் திரும்ப மாற்றியதில் இருந்து புதுசாக ஒரு தொல்லை. ரேஸ் கொடுத்தால் வேகமே ஏறவில்லை, ஒரு அளவுக்கு மேல் மூச்சு முட்டுகிறது. சமதளத்திலும். டேங்கில் போதுமான டீசல் இருக்கிறது. பம்ப் நிஜமாகவே போய்விட்டதா?

சத்திரம் டீசல் | 11 ஜூன் 2023, இரவு 10.05

ரிட்டர்ன் ஹோஸை எங்கே கழற்றினீர்கள்? ரப்பர் முனையிலா, பம்பில் இருக்கிற, உள்ளே டீசல் ஓடத் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டிலா?

பாச்சலூர் பிக்கப் | 11 ஜூன் 2023, இரவு 10.20

பேன்ஜோ போல்ட். பையன்தான் கழற்றினான். டீசல் உள்ளே வருகிற போல்ட், ரிட்டர்ன் போல்ட் இரண்டையும்.

சத்திரம் டீசல் | 11 ஜூன் 2023, இரவு 10.50

இரண்டு போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மரையும் ஒன்றே. ஆனால் ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் ஆங்கிலத்தில் 'அவுட்' என்று பொறித்திருக்கும், அதற்குள் குண்டூசி கனத்துக்கு ஒரு துளைதான் இருக்கும். அந்தச் சின்னத் துளைதான் பம்பின் வயிற்றுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. டைமிங், அதாவது டீசல் பீய்ச்சுகிற நேரம், முன்னே நகர்வதும் அந்த அழுத்தத்தை நம்பித்தான். அதைக் கொண்டுபோய் டீசல் வருகிற இடத்தில் போட்டால் மொத்த இன்ஜினும் குண்டூசித் துளை வழியாகக் குடிக்க வேண்டும். ஐடில் ஓடும், வேகம் ஏறாது. ரிட்டர்ன் பக்கமோ வாய் பிளந்துவிடும், உள்ளே அழுத்தம் நிற்காது.

மாற்றிப் போடு. இரண்டு பக்கமும் காப்பர் வாஷர் புதுசாகப் போடு. பழைய வாஷரை நெருப்பில் காட்டி மறுபடி போடுகிறவர்கள் உண்டு, அவசரத்துக்குச் சரி. புதுசின் விலை ஒரு டீதான். பையனைத் திட்டாதே. இந்தப் போல்ட்டை மாற்றிப் பூட்டிவிட்டு பம்பைக் கடைக்கு அனுப்பிய பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். கடையில் பம்பை டெஸ்ட் பெஞ்சில் மாட்டினால் நன்றாக ஓடும், ஏனென்றால் பெஞ்சில் போடுகிற போல்ட் கடைக்காரருடையது!

பாச்சலூர் பிக்கப் | 12 ஜூன் 2023, காலை 9.30

அதேதான். மாற்றிப் போட்டதும் பறக்கிறது. நாளை டேங்கை இறக்குகிறோம்.

சத்திரம் டீசல் | 12 ஜூன் 2023, காலை 9.50

டேங்கை வெல்டிங் பட்டறைக்குள் கொண்டுபோகாதே. டீசல்தானே, பெட்ரோல் இல்லையே என்பார்கள். காலி டேங்கில் நிற்கிற டீசல் ஆவி நெருப்புப் பட்டால் வெடிக்கும். குழாயை மட்டும் தனியாகக் கழற்றிக் கொண்டுபோ. டீசலை வடிக்கும்போது கடைசிக் கால் லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வை, அடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது பார்.

பாச்சலூர் பிக்கப் | 13 ஜூன் 2023, இரவு 8.50

டீசல் முள்ளுக்கான மிதவைக் கம்பி இத்தனை வருஷமாக உறிஞ்சு குழாயில் உரசி உரசி ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. நெல்மணி நீளம் இருக்கும். அடியில் இருந்து சாண் உயரம்கூட இல்லை. பாட்டிலில் இரண்டு விரல் தண்ணீர், மேலே கறுப்பாக ஜெல்லி மாதிரி ஏதோ. ரேடியேட்டர் கடையில் குழாயைப் பிரேசிங் (உலோகம் உருக்கி ஓட்டை அடைப்பது) செய்து கொடுத்தார்கள். சோப்பு நுரை தடவி ஊதிப் பார்த்துவிட்டேன், காற்று வரவில்லை. அந்த ஜெல்லி என்ன அண்ணே?

சத்திரம் டீசல் | 13 ஜூன் 2023, இரவு 9.35

கம்பியை லேசாக வளைத்துவிட்டுப் பூட்டு, இல்லையென்றால் மறுபடி அதே இடத்தில் அறுக்கும். வளைத்தால் முள் கொஞ்சம் பொய் சொல்லும். இப்போது மட்டும் உண்மையா சொல்கிறது?

ஜெல்லி உயிருள்ள சமாச்சாரம். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். தண்ணீர் இல்லாவிட்டால் வளராது. மலையில் ராத்திரி குளிர், பகலில் வெயில். முக்கால்வாசி காலியான டேங்குக்குள் இருக்கிற காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து அடியில் சேரும். குறைவாக டீசல் போட்டு ஓட்டினால் இந்த வியர்வையும் கூடும். டேங்கை நன்றாகக் கழுவி, அடி வலையையும் தேய்த்துப் போடு. கழுவுவது டீசலால்தான், பெட்ரோலால் அல்ல. பில்டர் புதுசு என்றாய், இந்த ஜெல்லிக்கு அப்புறம் அது புதுசு இல்லை. இன்னொன்று வாங்கிப் போடு.

பாச்சலூர் பிக்கப் | 17 ஜூன் 2023, இரவு 9.15

நாலு நாளாக வேண்டுமென்றே முள் கீழே கிடக்கும்போது மேடு ஏறினேன். ஒன்றும் இல்லை. காலையில் தொட்டதும் கிளம்புகிறது. மெக்கானிக்கிடம் சொன்னேன், "நான் அப்பவே டேங்க்கைப் பார்க்கச் சொன்னேனே" என்கிறார். பம்ப் மேல் ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சத்திரம் டீசல் | 17 ஜூன் 2023, இரவு 9.40

அவரிடம் சண்டைக்குப் போகாதே, நாளை பிரேக்குக்கு அவரிடம்தான் போக வேண்டும்.

ஈரம் சொட்டாக மாறினால் சீல் செட் போடலாம். இப்போதைக்கு வாரம் ஒரு தடவை துடை. பில்டர் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி மாதம் ஒரு தடவை தண்ணீர் வடி. மழைக்காலத்தில் இரண்டு தடவை. டெம்போ ராஜா, உங்கள் வண்டி வேகத்தில் கறுப்புப் புகை விடுகிறது என்று வேறு இடத்தில் எழுதியிருந்தீர்கள். அது டீசல் கூடுதலா, காற்று குறைவா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஏர் பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.